குஞ்சரத்தின் முதுகு

முதல் அடி விழுந்தபோது குஞ்சரம் கும்பகோணத்து வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். மதுரையில் அன்றுதான் வெளியான 'ராணி மந்தாகினி' பகல் காட்சியில் பத்தாவது ரீலுக்கு வந்திருந்தது, இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று அப்போது யார் கண்டார்கள். ரவிக்கை தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்தது, அதன் கீழே சதை கிழிந்தது, பின்னால் திரும்பிப் பார்த்தால் சுவரும் சுவரில் மாட்டிய அவளுடைய படமும்தான் இருந்தன, திரும்பிய முகத்தை மறுபடி முன்னால் கொண்டுவருவதற்குள் இரண்டாவது அடி விழுந்தது. அடுக்களையிலிருந்து ஓடிவந்த அக்காள் செண்பகம் அடிக்கிறவனைத் தேடிக் கூடத்தைச் சுற்றி வந்தாள், யாரும் அகப்படாததால் தங்கையின் முதுகின்மேல் கவிழ்ந்து படுத்தாள், அடி அக்காளை ஒன்றும் செய்யாமல் அவளுக்குள் புகுந்து இவள்மேலேயே விழுந்தது. ஒரு பாட்டு பாடி முடிக்கிற நேரம் அது நடந்தது. ஓய்ந்ததென்று செண்பகம் மஞ்சள் அரைக்கப் போனதும் முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தது, ஏனென்றால் மதுரையில் ஜனங்கள் ஒன்ஸ்மோர் கேட்டிருந்தார்கள், ஆபரேட்டரும் ரீலைத் திரும்பச் சுற்றிவிட்டிருந்தார்.

குஞ்சரம் அடிக்குப் புதியவள் இல்லை. புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகங்களில் பாவாடை கட்டின வயசிலேயே ஸ்திரீபார்ட் போட வந்தவள், சுருதி விலகினால் தொடையைக் கிள்ளும் வாத்தியாரிடம் பாட்டுப் படித்தவள், மைக்கு என்ற வஸ்து இல்லாத அந்தக் காலத்தில் அவள் மேடையில் நின்று குரலை எடுத்தால் கடைசி வரிசைக்கும் அப்பால் சுக்குக்காப்பி விற்கிறவன் அடுப்பை மறந்து நிற்பான். பேசும்படம் வந்தபோது முகம் இருந்தவர்களுக்குக் குரல் இல்லை, குரல் இருந்தவர்களை முகத்தோடு காட்ட முடியவில்லை, இவளுக்கு இரண்டும் இருந்தது, மூக்கு மட்டும் கொஞ்சம் தூக்கல் என்று குறை சொன்ன முதலாளிகளே பிறகு அந்த மூக்குக்கு வைரம் வாங்கிக் கொடுத்தார்கள். அவள் உச்சத்தில் இருந்தபோது எடுத்ததுதான் 'ராணி மந்தாகினி'. அதில் மந்திரியின் பேச்சைக் கேட்டுப் புத்தி கெட்ட ராஜா பெண்டாட்டியைத் தூணில் கட்டிச் சாட்டையால் அடிக்கிறான், அவள் அடிக்கு ஒரு வரியாக 'எத்தனை அடித்தாலும் எங்கே நான் போவேன்' என்று பாடுகிறாள். அடி தாளத்தில் விழ வேண்டும் என்பது பாட்டு வாத்தியாரின் யோசனை. தூணுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து மிருதங்கக்காரர் வாசித்தார், சாட்டையோ பஞ்சு நூலில் முறுக்கிக் கரி பூசினது, மேலே பட்டால் கூச்சம்தான் வரும். கொட்டகைகளில் ஜனங்கள் அந்த அடிகளுக்குக் கைதட்டினார்கள், தாளம் தப்பாமல் தட்டினார்கள், அழுதுகொண்டே தட்டினார்கள்.

என்ன நடக்கிறதென்று கண்டுபிடித்துச் சொன்னவர் ராஜாவாக நடித்த வல்லம் நமச்சிவாயம். படத்தில் அவர் பரம சண்டாளன், வீட்டில் பூனைக்குத் தனித்தட்டு வைத்துச் சோறு போடுகிற ஆசாமி. மதுரைக் கொட்டகை வாசலில் ரசிகர்கள் அவரை அடையாளம் கண்டுகொண்டு, மந்தாகினியை அடித்த கையா இது என்று கேட்டு முன்பல் இரண்டையும் உடைத்து அனுப்பியிருந்தார்கள். உடைந்த வாயோடு ரயிலேறி நேராகக் கும்பகோணம் வந்தவர், வாழையிலையில் குப்புறப் படுத்திருந்த குஞ்சரத்தின் முதுகை ஒரு தரம் பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தங்கச்சி, இது என் கை" என்றார். "நான் இடதுகைக்காரன். பாரு, கோடெல்லாம் இடது தோளிலேருந்து சரிஞ்சு வருது. அந்த மூணாவது அடியில எனக்குக் கால் வழுக்கினது ஞாபகம் இருக்கா? அதுகூட இங்க வளைஞ்சிருக்கு."

"உங்கமேல தப்பில்லேண்ணே" என்றாள் குஞ்சரம் இலையில் முகம் புதைத்தபடி. "படத்தை நிறுத்தச் சொல்லுங்க."

படத்தை நிறுத்துவதாவது. படமெடுத்த முதலாளி வேங்கடபதி வந்து பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஊர் ஊருக்குப் படப்பெட்டி போய்விட்டதே அம்மா, இனி அது என் பேச்சைக் கேட்குமா என்று கையை விரித்தார், சீமை மருந்து நாலு டப்பா வைத்துவிட்டுப் போனார். மறுநாளே நோட்டீசில் புதுசாக ஒரு வரி சேர்ந்தது. 'ஒவ்வொரு காட்சியிலும் குஞ்சரம் மெய்யாகவே அடிபடுகிறார், காணத் தவறாதீர்கள்.' அதற்குப் பிறகு மனமிரங்கி ஒருத்தராவது வராமல் இருந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். கூட்டம் இரட்டித்தது. பாவம் அந்தப் பெண்பிள்ளை என்று மார்பில் அடித்துக்கொண்டே வந்தார்கள், பாட்டு முடிந்ததும் ஒன்ஸ்மோர் என்றார்கள். கும்பகோணத்துத் தெருவும் பழகிக்கொண்டது. பகல் காட்சி, முதல் ஆட்டம், இரண்டாம் ஆட்டம் எல்லாம் அந்தத் தெருவுக்கு அத்துப்படி, பத்தாவது ரீல் நெருங்கும்போது எதிர்வீட்டார் குழந்தைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள், கம்பவுண்டர் சைக்கிளை நிறுத்திவிட்டு வாசலில் காத்திருப்பார், காய்கறிக்காரி மட்டும் கூடையை இறக்கி வைத்து, "இப்ப எந்த ஊர்ல ஓடுது?" என்று செண்பகத்திடம் விசாரித்துவிட்டுப் போவாள்.

செட்டிநாட்டுப் பக்கம் ஒரு கொட்டகைக்காரர் நிஜமாகவே நல்ல மனுஷன். இந்தப் பாவத்துக்கு நான் ஆளாக மாட்டேன் என்று பத்தாவது ரீலை முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார். கும்பகோணத்தில் குஞ்சரத்தின் கூந்தல் பற்றிக்கொண்டது. செண்பகம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தபோது இடது காதும் கழுத்தும் வெந்து தோல் வழண்டிருந்தது, படத்தைக் கொளுத்தவும் கூடாது என்பது அப்போது தெரிந்தது. அதற்குப் பிறகு குஞ்சரம் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. செத்துப்போனால் தேவலை என்று வாய்விட்டுச் சொன்னாள், சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த அக்காளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்புறம் ஒரு நாள் முதல் ஆட்ட நேரத்தில், கொடித்துணியைக் கடித்துக்கொண்டு அவள் காத்திருக்க, அடி விழவில்லை.

தெற்கே வேலங்குறிச்சி என்ற ஊரில், டூரிங் கொட்டகையில், பேச்சியம்மா என்கிற விறகுக்காரி மணலில் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடைக்கு அந்தப்பக்கம் குடிசை போட்டிருந்த ஒண்டிக்கட்டை, ஊருக்குள் யாரும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, விறகு என்றுதான் கூப்பிடுவார்கள். ராஜா சாட்டையை எடுத்ததும் அவள் எழுந்தாள், கூட்டத்தைத் தாண்டி நடந்தாள், திரைக்கு முன்னால் வெளிச்சத்தில் முதுகைக் காட்டி நின்றாள். திரையில் விழ வேண்டிய மந்தாகினி அவள் முதுகில் விழுந்தாள், சாட்டையும் அவள் முதுகில் விழுந்தது, முந்தானை நார் நாராகக் கிழிந்து ரத்தம் கெண்டைக்காலுக்கு இறங்கியது. ஏன் நின்றாய் என்று கேட்டவர்களிடம், "நமக்கெல்லாம் வாங்கிப் பழக்கம்தானே தாயி, பாடுற பிள்ளைக்கு ஆகுமா?" என்றாளாம். ஆபரேட்டர் சூசை ரீலைத் திரும்பச் சுற்ற மறந்து நின்றுவிட்டார், அன்றைக்கு ஒன்ஸ்மோர் கேட்கவும் யாருக்கும் வாய் வரவில்லை.

சேதி பரவினது. ஊருக்கு ஊர் ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்றாள், பிறகு ஆண்களும் நின்றார்கள், பிறகு அது நேர்த்திக்கடன் ஆயிற்று. பிள்ளை இல்லாதவள் நின்றாள், கோர்ட்டில் வழக்கு இழுக்கிறவன் நின்றான், மழை இல்லையென்று ஒரு ஊரே மஞ்சள் துணி கட்டி விரதமிருந்து வரிசையில் நின்றது, முதுகில் தழும்பு இல்லாத மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கிறதில்லை என்றுகூடச் சில இடங்களில் பேசிக்கொண்டார்கள். கும்பகோணத்தில் குஞ்சரத்தின் முதுகு ஆறியது. அந்த நாட்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும், மல்லாந்து படுத்தாள், தாம்பூலம் போட்டாள், வேங்கடபதியின் அடுத்த படத்துக்குப் பாட்டு ஒத்திகைகூடப் பார்த்தாள். யாரோ முகம் தெரியாத ஒருத்தி தன் அடியை வாங்கிக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் பேச்சியம்மாவுக்கு என்று ஒரு புடவை எடுத்துப் பெட்டியில் வைத்தாள்.

அந்த நிம்மதியைக் கெடுத்தவரும் நமச்சிவாயம்தான். வேலங்குறிச்சிப் பக்கம் போய் ரசிகர்களிடம் அகப்பட்டுத் தலையில் கட்டோடு வந்து நின்றார்.

"வேலங்குறிச்சியில அரிவாள் எடுத்துட்டாங்க தங்கச்சி. மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் கோயில்ல முதல் மரியாதைச் சண்டை ரொம்ப நாளா உண்டு. இப்ப முதல் அடி யாருக்குன்னு சண்டை. போன வாரம் கீழத்தெருக்காரன் ஒருத்தன் முந்திக்கிட்டு நின்னான்னு அவன் கையை வெட்டிக் கொட்டகை வாசல்லயே போட்டுட்டாங்க. பதிலுக்கு மேலத்தெருவுல அண்ணன் தம்பி ரெண்டு பேர் போயாச்சு."

"பேச்சியம்மா?"

"அதுதான் சொல்ல வந்தேன். ரெண்டு தெருவுக்கும் ஒத்துப்போன விஷயம் ஒண்ணே ஒண்ணு. ஓடைக்கு அந்தப்பக்கத்துப் பொம்பளை முதல்ல நின்னது தீட்டாம். அவ இனிமே வெளிச்சத்துல நின்னா வெட்டிடறதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணியிருக்காங்க. அவ கேக்கமாட்டேங்கிறா, தினம் வந்து நிப்பேங்கிறா."

குஞ்சரம் பெட்டியிலிருந்து ஒரு புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். தன் முதுகுக்குப் பதிலாக ஒருத்தி முதுகைக் கொடுத்தது போதும், கழுத்தையும் கொடுக்க விட்டுவிட்டு எந்த வாயால் பாடுவது என்று தோன்றியது. அவளைக் கூட்டி வந்து இந்த வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தாள், நமச்சிவாயத்தையும் அழைத்துக்கொண்டு அன்றைக்கே புறப்பட்டாள்.

ஓடைக்கரையில் பேச்சியம்மா விறகு பிளந்துகொண்டிருந்தாள். வற்றின உடம்பு, முதுகில் ஆறினதும் ஆறாததுமாகக் கோடுகள். குஞ்சரத்தைப் பார்த்ததும் கோடாலியைக் கீழே போட்டுவிட்டு அவள் கன்னத்தை இரண்டு கையாலும் தடவி நெட்டி முறித்தாள். கும்பகோணத்துக்கு வா என்றதும் சிரித்தாள்.

"வந்து என்ன செய்யட்டும் தாயி? உன் அடி என்மேல விழுந்த அன்னைக்குத்தான் ஊரு எம்பேரச் சொல்லுச்சு. பேச்சியம்மான்னு சொல்லுச்சு. அத விட்டுட்டு வான்னா எப்படி?"

"வெட்டுவாங்கடி."

"வெட்டட்டும். பேரச் சொல்லித்தானே வெட்டுவாக."

எவ்வளவு சொல்லியும் அவள் மசியவில்லை. சரி, இவளை மாற்ற முடியாது, ஊரையாவது கேட்போம் என்று குஞ்சரம் இரண்டு தெருப் பெரியவர்களையும் கூட்டிவைத்து, இன்றைக்கு யாரும் நிற்க வேண்டாம், என் அடியை நானே நின்று வாங்கிக்கொள்கிறேன் என்றாள். அவர்கள் அவள் காலில் விழுந்தார்கள். விழுந்து எழுந்து, அது மட்டும் ஆகாது என்றார்கள்.

"சாமியே காவடி எடுக்குமா தாயி?" என்றார் மேலத்தெரு நாட்டாமை. "எங்க கடன நாங்கதான் செலுத்தணும்." கீழத்தெருக்காரர் முதல்முறையாக மேலத்தெருக்காரர் சொன்னதற்குத் தலையாட்டினார். இன்றைக்கு மேலத்தெரு, நாளைக்குக் கீழத்தெரு என்று தற்காலிகமாக ஒரு சமாதானம் செய்திருந்தார்கள், மடியில் ஒன்றும் இல்லாமல்தான் வருவோம் என்று சத்தியமும் செய்திருந்தார்கள். குஞ்சரத்தை எந்தப் பக்கம் உட்கார வைத்தாலும் மற்றத் தெரு கேட்கும் என்பதால் மெஷின் ரூமில் சூசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள், நமச்சிவாயமும் அங்கேயே நின்றுகொண்டார்.

ஆனி மாசம், முதல் ஆட்டம் தொடங்கியபோது வெளியில் இன்னும் வெளிச்சம் சாகவில்லை, கொட்டகைப் படுதாவின் ஓட்டைகளில் செக்கச்செவேலென்று தெரிந்தது. ஜனங்கள் மணலைக் கூட்டி மேடு செய்து உட்கார்ந்திருந்தார்கள், மணலைக் கூட்டினது உயரத்துக்கு மட்டும் அல்ல, அரிவாளைப் புதைக்கவும்தான் என்பது சத்தியம் செய்தவர்களுக்கே தெரியும். பத்தாவது ரீல் வந்தது. மேலத்தெருவின் சார்பில் ஒரு வாலிபன் சட்டையைக் கழற்றிவிட்டு எழுந்தான், அவன் பாதி தூரம் போவதற்குள் படுதாவை விலக்கிக்கொண்டு பேச்சியம்மா வந்து வெளிச்சத்தில் நின்றுவிட்டாள்.

மணலிலிருந்து அரிவாள்கள் எழுந்தன. மேலத்தெருக்காரர்கள் அவளை நோக்கி ஓடினார்கள், மேலத்தெரு வெட்டி அந்தப் பெருமையும் அவர்களுக்குப் போய்விடக் கூடாதென்று கீழத்தெருக்காரர்களும் ஓடினார்கள், ஓடுகிற வழியில் ஒருவர் தோளில் ஒருவர் இடித்தார்கள், இடித்த தோள் வெட்டப்பட்டது. ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தான். ஒரு காது பறந்துபோய்த் திரையில் ஒட்டியது. சட்டையைக் கழற்றிய வாலிபனைக் கீழத்தெருக்காரன் பின்னாலிருந்து முழங்காலில் வெட்டினான், அவன் தவழ்ந்துகொண்டே இன்னொருவன் கணுக்காலை அறுத்தான். இதற்கு நடுவில் ராஜா முதல் அடியை ஓங்கினார், அது பேச்சியம்மாவின் முதுகில் விழுந்தது, அவள் அசையவில்லை, பாட்டு தொடங்கியது.

குஞ்சரம் நமச்சிவாயத்தைப் பார்த்தாள். "அண்ணே, இருட்டினதும் அவளைத் தூக்கிட்டு வெளியே போங்க" என்றாள். அவர் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். சூசை விறைத்துப்போய் நின்றிருந்தார், அவருக்கு எடுத்துச் சொல்ல நேரமில்லை. மெஷின் வெளிச்சம் வெளியே போகிற சுவர்த் துவாரத்தில் குஞ்சரம் தன் வலது கையை விரித்து வைத்து அடைத்தாள்.

கொட்டகை இருண்டது. தூணும் ராஜாவும் மந்தாகினியும் சாட்டையும் சுருங்கி அவள் உள்ளங்கையில் விழுந்தார்கள், ஒரு முதுகு முழுக்க விழ வேண்டிய அடி அந்தச் சின்ன இடத்தில் விழுந்தது. சதை பிய்ந்தது, அடுத்த அடியில் ரேகைகள் போயின, அதற்கடுத்த அடியில் எலும்பு தெரிந்தது. அவள் தலையை இடது தோளில் சாய்த்துக்கொண்டு பல்லைக் கடித்தாள், கையை எடுக்கவில்லை.

இருட்டில் யார் மேலத்தெரு, யார் கீழத்தெரு என்று யாருக்கும் தெரியவில்லை. ஓங்கின கைகள் ஓங்கினபடி நின்றன. மேலே ஒலிபெருக்கிக் குழாயில் பாட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது, அவளுடைய பாட்டு, அவர்கள் எல்லோரும் அழுது அழுது மனப்பாடம் செய்த பாட்டு. எங்கோ ஒரு மூலையில் ஒருவன் பழக்க தோஷத்தில் தாளத்துக்குத் தட்டினான். கைதட்ட வேண்டுமென்றால் அரிவாளைக் கீழே வைக்க வேண்டும். ஒவ்வொன்றாக மணலில் இரும்பு விழுகிற சத்தம் கேட்டது, ஒவ்வொரு ஜோடிக் கையாகத் தாளத்தில் சேர்ந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்கூடத் தன் தொடையில் தட்டியிருப்பான் என்று பிறகு சொன்னார்கள்.

ரீல் முடிந்தது. குழாய் அடங்கியது. சூசை விளக்கின் சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

"போடாதீங்க" என்றாள் குஞ்சரம். கிழிந்த கையைக் கும்பகோணத்திலிருந்து கொண்டுவந்திருந்த புடவையில் சுருட்டிக்கொண்டாள், அந்தப் புடவை பேச்சியம்மாவுக்கு எடுத்தது. பிறகு ஸ்பெஷல் நாடக மேடையில் நிற்பதுபோலக் காலைச் சற்று அகட்டி வைத்துக்கொண்டு, பாட்டு நின்ற இடத்திலிருந்து எடுத்தாள். குழாய்ப் பாட்டு எங்கே முடிந்தது, இவள் பாட்டு எங்கே தொடங்கியது என்று கீழே யாருக்கும் தெரியவில்லை. கைதட்டல் தொடர்ந்தது.

அவள் பாட எடுத்தபின் வந்த முதல் கைதட்டலோடு அடி விழுந்தது. முதுகில் விழுந்தது, ரவிக்கை கிழிந்தது. குஞ்சரம் பாடிக்கொண்டே மெஷினைப் பார்த்தாள், அது நின்றிருந்தது. படம் இல்லை, ராஜா இல்லை, சாட்டை இல்லை. அடுத்த தட்டலுக்கு அடுத்த அடி விழுந்தது. இது என் கை என்று நமச்சிவாயம் அண்ணன் இத்தனை நாள் வீணாக அழுதிருக்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

எதிர்க்கோடியில் படுதா கொஞ்சம் தூக்கப்பட்டது. வெளியே எரிந்த அரிக்கேன் விளக்கிலிருந்து சிவப்பாக ஒரு கீற்று மணலில் விழுந்தது, குனிந்த ஒரு மனிதனும் அவன் தோளில் துவண்ட ஒரு பெண்ணும் அதைக் கடந்து போனார்கள், படுதா மறுபடி இறங்கியது. சூசையும் பார்த்தார்.

"அந்தம்மா வெளியே போயாச்சு தாயி" என்றார் அவள் காதருகில். அவர் சட்டையில் அவளுடைய ரத்தம் தெறித்திருந்தது. "போதும், நிறுத்திடுங்க. உங்களுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா நான் என்ன செய்வேன்?"

குஞ்சரம் மூச்சு வாங்குகிற இடைவெளியில் இருட்டைப் பார்த்தாள். இருநூறு கைகள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

"நிறுத்தினா அந்தக் கையெல்லாம் மணலைத் தடவும்ப்பா" என்றாள், சரணத்தை மறுபடியும் முதலிலிருந்து எடுத்தாள்.